பேச்சிப்பாறைக்கும் அணைக்கும் நடுவே

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடத்துக்கு மேலாக உங்கள் பத்திரிகையை வாங்கி வாசிக்கிறவள் நான். இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இதுவரை உங்களுக்கு எழுதியதில்லை. இரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன். எங்கள் ஊர் வழியாகப் போன காலைப் பேருந்தை நிறுத்தியபோது ஒரு தடவை, குறுக்கெழுத்தில் கட்டமே தப்பாக வந்தபோது ஒரு தடவை. இரண்டும் சோம்பலில் போயிற்று. இந்தத் தடவை விடுவதாக இல்லை, ஏனென்றால் இது என் தொழில் சமாசாரம்.

கடந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக இணைப்பிதழில் கட்டுரைகளை லெஃப்ட் அலைன் செய்து போட்டீர்கள். இடது ஓரம் நேராக இருந்தது. வலது ஓரத்தில் ஒவ்வொரு வரியும் அதது முடிந்த இடத்தில் நின்றது. போன வாரம் அதைக் குறைசொல்லி இரண்டு கடிதங்கள் வந்தன. ஒருவர் "எலி கடித்த பப்படம் மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் பக்கம் அமைப்பவர்களின் கவனக்குறைவு என்றார். கீழே நீங்களும் ஒரு குறிப்பு போட்டு, வாசகர் விருப்பப்படி இனி பழையபடி இரண்டு ஓரமும் நேராக, ஜஸ்டிஃபை செய்தே வரும் என்று சொல்லிவிட்டீர்கள். அடுத்த இணைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் இந்தக் கடிதம் கைக்கு வந்தால் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

இதைப் பேச நான் யார் என்று கேட்பீர்கள். 1979-ல், 18 வயதில், நாகர்கோவில் செட்டிகுளம் பக்கம் ஓர் அச்சகத்தில் கம்போசிங் வேலைக்குச் சேர்ந்தேன். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கேஸ் என்ற அறை அறையான மரப்பெட்டியிலிருந்து பொறுக்கி, இடது கையில் பிடித்த ஸ்டிக் என்ற சின்னத் தட்டில் தலைகீழாகக் கோக்கிற வேலை. பதினேழு வருடம் அதைச் செய்தேன். 1996-ல் எங்கள் அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எழுத்தெல்லாம் எடைக்குப் போனது, மரக் கேஸெல்லாம் விறகுக்குப் போனது, நான் பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளுக்குப் போனேன். அப்புறம் தக்கலையில் ஒரு டிடிபி கடையில், கண் ஒத்துழைத்த காலம் வரைக்கும் வேலை பார்த்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை ஐந்தாம் பக்கத்தில், செய்திப் பக்கத்து வழக்கப்படி ஜஸ்டிஃபை செய்து, அணை நிலவரம் போட்டிருந்தீர்கள். என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மற்றதுக்கு நாள் குறித்திருக்கிறது. ஊரில் கொஞ்சம் வயல் இருக்கிறது. கன்னிப்பூ சாகுபடியோ கும்பப்பூ சாகுபடியோ, நடவு நேரமானால் பேச்சிப்பாறையில் 48 அடிக்கு எத்தனை அடி நிற்கிறது, பெருஞ்சாணியில் 77-க்கு எத்தனை என்று பார்க்காமல் அவருக்குச் சாயா இறங்காது. அன்றைக்கும் திண்ணையில் இருந்து சத்தமாக வாசித்தார். "பேச்சிப்பாறை... நீர்மட்டம்..." என்று வாசித்துவிட்டு நின்றார். "என்ன பிள்ளே, இடையிலே ஒண்ணு காணலியே" என்றார். வாங்கிப் பார்த்தேன். "அணையின்" என்ற சொல் வலது ஓரத்தில் தனியாக ஒதுங்கிக் கிடந்தது. பேச்சிப்பாறையில் நின்ற கண் அவ்வளவு தூரம் போவதற்குச் சோம்பல்பட்டு, கீழ் வரிக்கு இறங்கிவிட்டது. கண்ணைக் குறைசொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பதைத்தான் அது பிடிக்கும்.

பழைய அடிக்கோல் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்து அளந்தேன். உங்கள் செய்திப் பத்தியின் அகலம் 4 சென்டிமீட்டர். பத்தி அகலத்துக்கு நாங்கள் சொல்லும் பழைய அச்சளவில் ஒன்பதரை எம். நீங்கள் போடுகிற எழுத்தளவுக்கு அதில் 15 எழுத்து, நெருக்கினால் 16 கொள்ளும். பேச்சிப்பாறைக்கு 6 எழுத்து, அணையின் என்பதற்கு 4. அடுத்த சொல் நீர்மட்டம், அது 6. நடுவில் இரண்டு இடைவெளியும் வேண்டும். மூன்று சொல்லும் ஒரு வரியில் கொள்ளாது. உடனே கம்ப்யூட்டர் நீர்மட்டத்தை முழுசாகக் கீழே தள்ளிவிட்டு, மேல் வரியில் மிஞ்சிய இடம் அத்தனையையும் பேச்சிப்பாறைக்கும் அணைக்கும் நடுவே கொட்டிவிட்டது. அந்த இடைவெளி மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது. என் சுண்டுவிரல் அதற்குள் படுத்துக்கொள்ளும்.

நான் கோத்திருந்தால் என்ன செய்திருப்பேன்? நீர்மட்டத்தை உடைத்திருப்பேன். "பேச்சிப்பாறை அணையின் நீர்" என்று ஒரு வரி, "மட்டம்" என்று அடுத்த வரியின் தொடக்கம். வரி ஒழுங்காக நிறைந்திருக்கும், யாருக்கும் கண் தவறியிருக்காது.

அதே பக்கத்தில், பக்கத்துப் பத்தியில், மீனவர்கள் கடலுக்குப் போன செய்தி. அதை வெட்டி இத்துடன் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் அச்சிட்டிருப்பது இப்படி இருக்கிறது:

மீனவர்கள்          சிலர்
தேங்காய்ப்பட்டணத்திலிருந்து
வி சை ப் ப ட கு க ளி ல்
மீன்பிடிக்கச்   சென்றனர்

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து என்பது 15 எழுத்து. அது ஒன்றே ஒரு வரியை அடைத்துக்கொண்டது. அதற்கு மேல் வரியில் இரண்டு சொல் இரண்டு கரையில் நிற்கிறது. கீழ் வரியில் துணைக்குச் சொல் இல்லாததால் விசைப்படகையே பிரித்துப் பரத்திவிட்டார்கள். 'சை'க்கும் 'ப்'புக்கும் நடுவில் இடைவெளி, 'ப்'புக்கும் 'ப'வுக்கும் நடுவில் இடைவெளி. புள்ளி வைத்த எழுத்து தனியாக நின்றால் அதை எப்படி வாசிப்பது? மூச்சு முட்டுகிறது. இதையே 1985-ல் என் கையில் தந்திருந்தால் இப்படிக் கோத்திருப்பேன்:

மீனவர்கள் சிலர் தேங்காய்ப்
பட்டணத்திலிருந்து விசைப்
படகுகளில் மீன்பிடிக்கச்
சென்றனர்

அதே நாலு வரிதான், இடமும் கூடவில்லை. எழுத்தை எண்ணிப் பாருங்கள், முதல் மூன்று வரியும் கிட்டத்தட்ட நிறைந்துதான் இருக்கிறது. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு எழுத்து இடத்தை இடைவெளிகளில் பகிர்ந்துவிட்டால் இரண்டு ஓரமும் நேராகிவிடும். யார் கண்ணிலும் படாது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒடுக்கமான பத்தியில் தமிழை ஜஸ்டிஃபை செய்யவேண்டுமானால் வரிக் கடைசியில் சொல்லை உடைக்க வேண்டும். உடைக்க மாட்டேன் என்றால் லெஃப்ட் அலைன் செய்ய வேண்டும். உடைக்கவும் மாட்டேன், இரண்டு ஓரமும் நேராகவும் வேண்டும் என்று நிற்பதால்தான் பேச்சிப்பாறை ஒரு கரையிலும் அணை மறு கரையிலும் நிற்கிறது.

எங்கள் காலத்தில் இரண்டு ஓரமும் நேராக இருந்ததற்கு அழகு ஒரு காரணம் மட்டும்தான். பெரிய காரணம் இரும்புச் சட்டம். கோத்த வரிகளைக் காலி என்ற நீளத் தட்டில் இறக்கி, பக்கமாக்கி, சேஸ் என்ற அந்தச் சட்டத்தில் வைத்து முடுக்கினால்தான் மிஷினில் ஏற்ற முடியும். ஒரு வரி தளர்வாக இருந்தாலும் உருளை ஓடும்போது எழுத்து நழுவும், சில நேரம் பிடுங்கிக்கொண்டே வந்துவிடும். அதனால் ஒவ்வொரு வரியும் ஸ்டிக்கில் ஒரே இறுக்கமாக நிற்கவேண்டும். கவிதை கோத்தாலும் அப்படித்தான்; வலதுபக்கம் வெற்றிடமாகத் தெரிகிற இடத்தில் எழுத்தில்லாத ஈயக்கட்டை, குவாட், நிறைந்திருக்கும். ஆக, எல்லா வரியும் எங்களுக்கு முழு வரிதான். வெற்றிடத்தை எங்கே வைப்பது என்பது மட்டும்தான் எங்கள் கையில் இருந்தது. சொற்களுக்கு நடுவில் பரத்தினால் ஜஸ்டிஃபை, கடைசியில் கொண்டுபோய் வைத்தால் லெஃப்ட் அலைன்.

பரத்துவதற்கும் ஒரு கணக்கு உண்டு. இங்கே எம் என்பது எழுத்தின் உயரமளவு அகலம். அதில் மூன்றில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று ஸ்பேஸ் கட்டைகள் இருக்கும். சாதாரணமாக மூன்றில் ஒன்று போட்டுக் கோப்போம். வரி கொள்ளவில்லை என்றால் அதை எடுத்துவிட்டு ஐந்தில் ஒன்று. இடம் மிஞ்சினால் கொஞ்சம் கூட்டிப் போடுவோம். அதற்கும் சரியாக வராவிட்டால் காகிதத் துண்டைக் கிழித்துச் செருகுவோம். ஆனால் இரண்டு சொல்லுக்கு நடுவில் முழு எம் குவாட் வைத்தால் ஃபோர்மேன் அண்ணாச்சி விடமாட்டார். புரூப் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். அப்படிப் பார்த்தால் எழுத்து தெரியாது, வெள்ளை மட்டும் தெரியும். அடுத்தடுத்த வரிகளில் இடைவெளி ஒன்றின்கீழ் ஒன்றாக விழுந்திருந்தால் பக்கத்தின் நடுவே வாய்க்கால் ஓடுவதுபோல இருக்கும். "மக்களே, இதிலே தண்ணி விட்டா வயலுக்குப் பாயும், பார்த்துக்கோ" என்பார். உங்கள் ஐந்தாம் பக்கத்தையும் ஒரு தடவை அப்படித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். பேச்சிப்பாறைக் கால்வாய் தெரியும்.

உடைப்பதற்கும் விதி இருந்தது. எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. அண்ணாச்சி வாயால் சொன்னதுதான். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது, வரியும் தொடங்கக் கூடாது. மேல் வரியில் புள்ளியெழுத்து முடிந்தால் குற்றமில்லை, 'தேங்காய்ப்' என்று நிற்கலாம். ஒற்றை எழுத்தை வரிக் கடைசியிலோ தொடக்கத்திலோ அநாதையாக விடக் கூடாது. கொம்பும் எழுத்தும் காலும் மூன்று தனித்தனி ஈயத் துண்டாக இருந்தாலும் 'கொ' என்பது ஓர் எழுத்து, அதைப் பிரிக்கக் கூடாது. எண்ணை உடைக்கக் கூடாது. பெயருக்கு முன்னால் வரும் இனிஷியலை மேல் வரியில் விட்டுவிட்டுப் பெயரைக் கீழே கொண்டுபோகக் கூடாது. உடைத்த இடத்தில் எங்கள் அச்சகத்தில் கோடும் போடமாட்டோம். ஆங்கிலத்துக்குத்தான் அந்தச் சின்னக் கோடு. தமிழ் வாசிக்கிறவருக்கு 'பட்டணத்தி' என்று வரி முடிந்தால் 'லிருந்து' கீழே வரும் என்று தெரியாதா?

அந்த ஒற்றை எழுத்து விதியை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லாமல் விடமுடியாது. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு சபையின் மாத இதழுக்குத் திருமண அறிவிப்புகள் கோத்துக்கொண்டிருந்தேன். "சாயங்காலம் 4 மணிக்கு" என்று வரவேண்டும். வரிக் கடைசியில் ஓர் எழுத்து இடம் மிஞ்சியது. 'சா'வை அங்கே வைத்தேன், 'யங்காலம்' கீழே போயிற்று. புரூப்பில் யாரும் கவனிக்கவில்லை. இதழ் அச்சாகி வந்த பிறகு பெண்ணின் தகப்பனார் அச்சகத்துக்கே வந்துவிட்டார். அறிவிப்பில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், ஆலயம், அதற்கடுத்து வரி ஓரத்தில் பளிச்சென்று 'சா'. "கல்யாண வீட்டுக்கு இதுதான் உங்க ஆசீர்வாதமா?" என்று கேட்டார். நான் கேஸுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அண்ணாச்சி அவரைச் சமாதானம் பண்ணி அனுப்பிவிட்டு என்னிடம் வந்து ஒன்றும் திட்டவில்லை. ஸ்டிக்கைக் கையில் தந்து அந்த வரியைத் திரும்பக் கோக்கச் சொன்னார். நான் 'சாயங்' என்று மேலேயும் 'காலம்' என்று கீழேயும் கோத்தேன். "ம், இப்ப மாப்பிள்ளை பிழைச்சாரு" என்றார். பேராசிரியர் என்ற சொல்லை 'பேரா' என்றும் 'சிரியர்' என்றும் ஒரு தடவை உடைத்தேன். அது விதிப்படி தப்பில்லை, ஆனாலும் அந்தப் பேராசிரியர் சிரிக்கவில்லை.

நான் சேர்வதற்கு முந்தின வருடம், 1978-ல், எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. ணா, றா, னா, லை, னை என்று 13 எழுத்துகள் மாறின. யானைத் தும்பிக்கைபோல வளைந்த பழைய 'லை' ஒரே அச்சு. புதிய 'லை' கொம்பு தனி, எழுத்து தனி என்று இரண்டு துண்டு. மூத்தவர்கள் கை பழைய அறைக்கே போகும். எனக்குப் பழக்கமே இல்லாததால் புதியது சுலபம். ஆனால் வரிக் கணக்கு எல்லோருக்கும் மாறிப்போயிற்று. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 'காலம் காலமாக இப்படித்தான்' என்று அச்சில் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. போன வாரக் கடிதக்காரர் 'பாரம்பரியம்' என்றொரு சொல்லைப் போட்டிருந்தார், அதற்கான பதில் இது.

பாரம்பரியம் என்றால் நம் மாவட்டத்தைவிட வேறெங்கே போகவேண்டும்? மிஷனரி மீட் ஐயர் நாகர்கோவிலில் அச்சுக்கூடம் வைத்து இருநூறு வருடம் ஆகிறது. அதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் முன்னால் சிதறால் மலையில் பாறையில் வட்டெழுத்து வெட்டியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளோடு ஏறிப் பார்த்தேன். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது, ஆனால் வரியைப் பார்க்கத் தெரியும். பாறை எதுவரைக்கும் உண்டோ அதுவரைக்கும் எழுத்து போகிறது. சொல்லுக்குச் சொல் இடைவெளியே விடாத காலம் அது. ஓலையிலும் அதே கதைதான். ஓலை முடிந்த இடத்தில் சொல் பாதியில் நின்றால் நிற்கட்டும், அடுத்த வரியில் மீதி. ஆக, வரிக் கடைசியில் சொல்லை உடைப்பதுதான் நம் பழைய பழக்கம். கோடு போடாமல் உடைத்த எங்கள் அச்சுக்கோப்பாளர்கள் ஓலைக்காரர்களின் வாரிசு.

அப்படியென்றால் லெஃப்ட் அலைன் வெளிநாட்டுச் சரக்கா? அதுவும் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து திருக்குறளை நாம் எப்படி வாசிக்கிறோம்? முதல் வரியில் நாலு சீர், இரண்டாம் வரியில் மூன்று. கீழ் வரி குட்டையாக நிற்கும். அதை இழுத்து மேல் வரிக்குச் சமமாகக் கட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் எழுதியிருக்கும் குறளை எலி கடித்தது என்று யாரும் சொன்னதும் இல்லை.

இந்தச் சொல் உடைக்கிற பழக்கம் எப்படிப் போயிற்று என்பதை நான் நேரில் பார்த்தேன். பேஜ்மேக்கர் காலத்தில் நாங்கள் வைத்திருந்த தமிழ் எழுத்துருக்கள் தமிழ் முகமூடி போட்ட ஆங்கில எழுத்துகள். திரையில் நமக்குத் தெரிவது 'அ', கம்ப்யூட்டருக்கு அது ஏதோ ஓர் ஆங்கில எழுத்து. வரிக் கடைசியில் சொல்லைத் தானாக உடைக்கிற ஹைஃபனேஷனை இயக்கிவிட்டால் அது ஆங்கிலச் சொல் என்று நினைத்து உடைக்கும். கொம்பு மேல் வரியில் தொங்கும், எழுத்து கீழே கிடக்கும். புள்ளியெழுத்தில் வரி தொடங்கும். அதனால் டிடிபி கற்றுத்தந்த பையன் எனக்குச் சொன்ன முதல் பாடமே "அக்கா, ஹைஃபனேஷனை ஆஃப் பண்ணிருங்க" என்பதுதான். அப்போது அது சரி. நாங்கள் வரிக்கு வரி கையால் உடைத்தோம். வேண்டிய இடத்தில் ஒரு ஸ்பேஸ் தட்டினால் மீதி கீழே இறங்கிவிடும். அதிலும் ஒரு வம்பு. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து பத்தியின் அகலம் மாறினால் வரிகள் எல்லாம் நகரும், நாங்கள் தட்டின ஸ்பேஸ் நடுவரியில் வந்து நிற்கும். 'மீன வர்கள்', 'நாகர் கோவில்' என்று அச்சாகும். பழைய பத்திரிகைக் கட்டு இருந்தால் பாருங்கள், கண்ணில் படும்.

பிறகு எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறை வந்தது. இப்போது கம்ப்யூட்டருக்கு 'கொ' என்பது ஒரே எழுத்து என்று தெரியும், கொம்பைத் தனியே விடாது. உடைக்கப் பயப்படவேண்டிய காரணம் போய்விட்டது. ஆனால் அந்தப் பையன் சொன்ன பாடம் மட்டும் பரம்பரையாகத் தொடர்கிறது. ஹைஃபனேஷன் ஆஃப், ஜஸ்டிஃபை ஆன். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

நியாயமாகப் பேசவேண்டும் என்றால் எலி கடித்த பப்படம் என்றவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. லெஃப்ட் அலைன் செய்தீர்களே தவிர அதைச் செப்பனிடவில்லை. இரண்டாவது வாரக் கட்டுரையில் ஒரு வரி முழுசாக ஓடுகிறது, அடுத்த வரி பாதியில் நிற்கிறது, அதற்கடுத்தது மறுபடி முழுசு. 'அகஸ்தீஸ்வரத்திலும்', 'பத்மநாபபுரத்திலிருந்து' போன்ற நீளச் சொல்லை உடைக்காமல் கீழே தள்ளினால் மேலே பள்ளம் விழத்தான் செய்யும். நம் மாவட்டத்து ஊர்ப் பெயர்களே அப்படி. வேற்றுமை உருபும் சேர்ந்துவிட்டால் ஒரு பத்தியை அடைத்துவிடும். லெஃப்ட் அலைனிலும் மிக நீளமான சொல்லை உடைக்கலாம், தப்பில்லை. பத்திகளுக்கு நடுவில் மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்று போட்டால் வலது ஓரத்துக்கு ஒரு சுவர் கிடைத்தமாதிரி இருக்கும், பக்கம் கலைந்து தெரியாது. நீங்கள் அந்தக் கோட்டையும் எடுத்துவிட்டீர்கள். சுவரை இடித்துவிட்டு வேலியையும் பிடுங்கினால் வாசகர் கோபப்படாமல் என்ன செய்வார்?

என் மகள் வாசிப்பில் சிரமப்படுகிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். அவள் பிள்ளைகளுக்குத் தயாரிக்கிற தாள்கள் எல்லாம் லெஃப்ட் அலைன்தான். டிஸ்லெக்சியா என்ற அந்த வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கு ஜஸ்டிஃபை செய்யாதீர்கள் என்று பிரிட்டனில் உள்ள டிஸ்லெக்சியா சங்கமே தன் வழிகாட்டியில் சொல்லியிருக்கிறதாம். இணையப் பக்கங்களை எல்லோருக்கும் வாசிக்க ஏற்றதாக ஆக்குவதற்கான உலகத் தரத்திலும், மிக உயர்ந்த படிநிலைக்கு, இரண்டு ஓரமும் சமன் செய்யாமல் வாசிக்க வழி இருக்கவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. இடைவெளி ஒரே அளவாக இருந்தால் கண் தாளம் தப்பாமல் போகும், அகலமும் ஒடுக்கமுமாக மாறினால் தடுக்கும் என்கிறாள். என் வீட்டுக்காரருக்கு டிஸ்லெக்சியா இல்லை, வயது 71, அவ்வளவுதான். அவருக்கும் அதே தடுக்கல். உங்கள் இணைப்பிதழின் மூன்று வாரக் கட்டுரைகளையும் அவர் ஒரு தடவைகூட நிற்காமல் வாசித்தார். முதல் வாரம் எனக்கே அது ஏன் என்று புரியவில்லை.

செல்போனில் உங்கள் செய்திகள் வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கேயும் ஜஸ்டிஃபை செய்துதான் விடுகிறீர்கள். செல்போன் திரையும் ஒடுக்கம்தான், அதிலும் வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். வரிக்கு இரண்டு சொல்தான் வரும். அங்கே தயவுதாட்சண்யமே வேண்டாம், லெஃப்ட் அலைன் செய்துவிடுங்கள்.

புத்தகம் வேறு. 10 சென்டிமீட்டர் அகலத்தில் வரிக்கு ஏழெட்டுச் சொல் நிற்கும்போது மிஞ்சுகிற இடம் ஆறேழு இடைவெளியில் பகிர்ந்துபோகும், யாருக்கும் தெரியாது. புத்தகத்தை ஜஸ்டிஃபை செய்யவேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். உங்கள் தலையங்கமும் இரட்டைப் பத்தி அகலத்தில் வருகிறது, அதுவும் இப்படியே இருக்கட்டும், பார்க்க மரியாதையாக இருக்கிறது.

உங்கள் பக்க அமைப்பாளர்கள் இன்டிசைன் மென்பொருளில் வேலை செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்குச் சில வார்த்தை. சின்னவர்களாக இருப்பார்கள், கோபிக்க வேண்டாம். ஜஸ்டிஃபிகேஷன் பெட்டியைத் திறந்தால் சொல் இடைவெளிக்கு 80, 100, 133 என்று மூன்று எண் இருக்கும். இடைவெளி வழக்கமான அளவில் 80 சதவீதம் வரை சுருங்கலாம், 133 வரை விரியலாம் என்று பொருள். ஆனால் வரியில் இரண்டே சொல் இருந்து, உடைக்கவும் வழி இல்லையென்றால் அது அந்த எண்ணை மதிக்காது, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு விரிக்கும். அதே பெட்டியில் கீழே ஒற்றைச் சொல் வரிக்கு என்ன செய்வது என்று ஒரு தேர்வு உண்டு. அது முழு ஜஸ்டிஃபை என்றே இருக்கும். அதை லெஃப்ட் என்று மாற்றினால் 'வி சை ப் ப ட கு' நாளையோடு ஒழியும். இதற்கு ஒரு நிமிடம் போதும், ஆசிரியர் குழுவைக் கூட்ட வேண்டியதில்லை. அப்புறம் '48' மேல் வரியிலும் 'அடி' கீழ் வரியிலும் போகாமல் இருக்க, நடுவில் உடையாத ஸ்பேஸ் போடச் சொல்லுங்கள். ஜஸ்டிஃபை செய்தாலும் செய்யாவிட்டாலும் இது வேண்டும். வீட்டுக்காரர் அன்றைக்கு 'அடி' தேடி இன்னொரு தடவை தடுமாறினார்.

என் யோசனை இது. செய்திப் பக்கங்களில் 4 சென்டிமீட்டர் பத்தியை ஜஸ்டிஃபை செய்தே தீரவேண்டும் என்றால் சொல்லை உடைக்க ஓர் ஆளைப் பழக்குங்கள், விதி மேலே இருக்கிறது. அதற்கு நேரம் இல்லையென்றால் லெஃப்ட் அலைன் செய்து நடுவில் கோடு போடுங்கள். நாளிதழில் நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு சொல்லைச் சேர்த்ததற்காக ஒரு பாரா முழுதையும் ஓவர்ரன் செய்து, அதாவது வரி வரியாகத் திரும்பக் கோத்து, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நின்றவள் நான். அதனால் உங்களுக்கு லெஃப்ட் அலைன்தான் தோது என்பது என் அபிப்பிராயம். இணைப்பிதழிலும் அதை விட்டுவிடாதீர்கள். மூன்று வாரம் போதாது, மூன்று மாதம் பாருங்கள். நேரான ஓரத்துக்குப் பழகிய கண் முதலில் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். புதிய 'லை'க்கும் அப்படித்தான் பிடித்தது.

கடிதம் நீண்டுவிட்டது. இவ்வளவையும் போட இடமிருக்காது, வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், ஊர் போதும். இதை உங்கள் வாசகர் கடிதப் பத்தியில்தான் போடுவீர்கள், அதுவும் அதே 4 சென்டிமீட்டர். எந்த ஓரத்தில் நிறுத்துவது என்பது உங்கள் இஷ்டம். தேங்காய்ப்பட்டணம் வரிக் கடைசியில் வந்து மாட்டினால் 'ப்'பை மட்டும் கீழே இறக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய கம்போசிட்டர் ஒருத்தி,
இரணியல், கன்னியாகுமரி மாவட்டம்.